பாலத்தின் மேல் நாற்பது விநாடி

என் காரில் ஒரு வயர்லெஸ் கருவி இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான். டேஷ்போர்டுக்குக் கீழே நாலு திருகில் நிற்கும். சுருள் வயரோடு ஒரு மைக், கூரையில் காந்த அடியோடு ஒட்டிக்கொண்ட ஒரு ஆன்டெனா. அமெச்சூர் ரேடியோ என்று பெயர். பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, நமக்கென்று ஒரு அழைப்புக் குறி கிடைத்த பிறகுதான் பேச முடியும். நான் நாற்பது வயதுக்கு மேல் அந்தப் பரீட்சை எழுதினேன்.

வேலை துவாக்குடியில், ஒரு சின்னப் பட்டறையில் தரப் பரிசோதனை. வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது தளம். கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் தனியாக இருப்பவளுக்கு, மைக்கை எடுத்தால் தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ யாராவது ஒருவர் பதில் சொல்வது சின்ன விஷயமில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு மாமாவும் மாமியும். மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். மாமிக்கு அந்த வருஷம் தை மாதம் இதயத் துடிப்பைச் சீராக்கப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி மாமாதான் என்னிடம் தந்தார். செல்போனை இடது பக்கம் வைக்காதே, இண்டக்‌ஷன் அடுப்பில் குனியாதே என்று வரிசையாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: வானொலி ஒலிபரப்புக் கருவிகளின் அருகில் போகும் முன் மருத்துவரைக் கேட்கவும்.

எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். அந்த வரியையும் சொன்னேன். "நம்மாத்துல ஏது அதெல்லாம்" என்றார் மாமா. என் காரில் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாமி சனிக்கிழமைகளில் என் காரில்தான் டவுனுக்கு வருவாள். சொன்னால் அது நின்றுபோகும் என்று தோன்றியது. மாமி காரில் இருக்கும்போது மைக்கைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். கேட்பதில் ஆபத்தில்லை, பேசும்போதுதான் கருவி அலையை வெளியே அனுப்பும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை. எனக்குக் காந்தி மார்க்கெட்டில் காய் வாங்க வேண்டும். மாமிக்குத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் புதுக் கண்ணாடி வாங்க வேண்டும். காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. பக்கத்தில் புதுப் பாலத்து வேலை, எதிரே ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. காற்று அசையவில்லை.

"அந்தப் பொட்டியக் கொஞ்சம் போடேன், யாராவது பேசறாளான்னு கேக்கலாம்" என்றாள் மாமி. போட்டேன்.

அப்போது அந்தக் குரல் வந்தது. இரைச்சலுக்கு அடியில், மெல்ல, ஒரு ஆண் தன் அழைப்புக் குறியைச் சொல்லி யாராவது கேட்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் அழைத்துக்கொண்டிருந்தார். எந்த நாடு என்று காட்டும் முதல் எழுத்துகளைக் கேட்டதுமே ஒலியைக் கூட்டினேன். இலங்கை. யாழ்ப்பாணம் என்றார். சாதாரணமாக எங்கள் அலைவரிசை அவ்வளவு தூரம் போகாது. வருஷத்தில் சில காலைகளில், காற்று அசையாமல் இருக்கும்போது, கடலைத் தாண்டி வந்துவிடும். இரண்டு வருஷமாக நான் அதற்குக் காத்திருந்தேன். மற்றவர்கள் பேசிவிட்டு வந்து பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

மாமி பக்கத்தில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கருவியின் அனுப்பும் சக்தியை அதிகபட்சத்துக்குத் திருப்பினேன், குறைவாக வைத்தால் அங்கே எட்டாது என்பதால். மைக்கை எடுத்து என் குறியைச் சொல்லி, திருச்சி என்றேன். அவர் உடனே தமிழுக்கு மாறினார். வடிவாகக் கேட்குது என்றார், தெளிவாக என்பதற்கு அவர்கள் சொல். இன்னொரு முறை மைக்கின் பொத்தானை அழுத்தி, ஆற்றுப் பாலத்தில் காரில் இருக்கிறேன் என்று சொன்னேன். மொத்தமே நாற்பது விநாடி இருக்கும். மணியைப் பார்த்தேன், ஒன்பது பன்னிரண்டு. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இது எங்கள் வழக்கம்.

எழுதி முடித்துத் திரும்பியபோது மாமியின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

தூங்குகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். தொட்டேன். கை ஈரமாக, சில்லென்று இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கருவியை அணைத்தேன். பின்னால் பைக்கில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி ஓடி, முன்னாலிருந்த வண்டிகளை ஒதுக்கச் சொன்னார். லாரியின் ஓரமாகக் கிடைத்த சந்தில் நுழைந்து வெளியே வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் மாமி கண்ணைத் திறந்து, "ஏன்டிம்மா இவ்வளவு வேகமாப் போறே" என்று கேட்டாள். தில்லைநகர்ப் பக்கம் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்த அழுத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது என்று சலைன் ஏற்றினார்கள். காலையில் சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் கேட்டதற்கு மாமி தலையாட்டினாள். இப்போதைக்குப் பயமில்லை, பேஸ்மேக்கரை மட்டும் ஒரு தடவை சோதித்துவிடலாம், அதற்கான ஆள் புதன்கிழமைதான் வருவார் என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோ பிடித்து ஓடி வந்த மாமா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்மா" என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நன்றி சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பரவாயில்லை மாமா என்றேன்.

மறுநாள் காலை காரைத் துடைக்கிற சாக்கில் கீழே போய் ஆன்டெனா வயரைப் பார்த்தேன். அது கூரையிலிருந்து இடது முன்கதவின் ரப்பர் வழியாக உள்ளே இறங்கும். அந்த இடத்தில், கதவு சாத்திச் சாத்தி, வயரின் மேல்தோல் நசுங்கிக் கிழிந்து உள்ளிருக்கும் செம்புப் பின்னல் தெரிந்தது. மாமி உட்காரும் இருக்கைக்கு நேர் மேலே. அவள் இடது தோளிலிருந்து ஒரு ஜாண்கூட இருக்காது. பேஸ்மேக்கர் இருப்பதும் அந்தத் தோளுக்குக் கீழேதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வாட்ச்மேன் வந்து என்னங்க ஆச்சு என்று கேட்டார்.

கருவியை அன்றே கழற்றினேன். ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன், திருடிக்கொண்டு வந்ததை வைப்பதைப் போல.

கணவரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "எதுக்கு நீயாப் போயி மாட்டிக்கிற? அவங்க இப்ப நல்லாத்தான இருக்காங்க. புதன்கிழமை பாக்கட்டும். ஒண்ணும் இல்லன்னு வந்தா முடிஞ்சுபோச்சு" என்றார். கெட்ட மனசில் சொன்னதில்லை. போலீஸ், உரிமம் ரத்து, மாமாவின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுக் கத்துவது என்று அவருக்கும் என்னென்னவோ ஓடியிருக்கும்.

எனக்கு அது போதவில்லை. சோதிப்பவருக்கு எதைத் தேடுவதென்று தெரியாவிட்டால்? வெறுமனே பேட்டரியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டால்? பேஸ்மேக்கரில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, அது வெளியே தெரியாமல் இருந்து, பத்து நாள் கழித்து மாமி குளியலறையில் விழுந்தால்? திங்கட்கிழமை பட்டறையில் நான் அளந்து சரி என்று கையெழுத்துப் போட்ட ஒரு குழாயை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். இரண்டு மில்லிமீட்டர் பிசகு. அப்படி எனக்கு ஆனதே இல்லை.

அன்று சாயங்காலம் கீழ் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன். மாமி உள்ளே படுத்திருந்தாள். மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். புத்தகத்தின் கடைசி வரி, என் கருவி, நான் சொல்லாமல் விட்டது, யாழ்ப்பாணம், கிழிந்த வயர். ஒன்றையும் விடவில்லை. அவர் பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார் கடைசியில்.

"ஒன்பது பன்னிரண்டு, மாமா. எழுதி வெச்சிருக்கேன்."

"புதன்கிழமை நீங்க கூட வாங்க. நீங்களே டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

அதுவரை என்னை அவர் நீ என்றுதான் கூப்பிடுவார்.

செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் பார்த்தபோது அவர் பேசாமல் கடந்து போனார். மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று புரிந்தது. அன்று ராத்திரி முழுவதும் மோட்டார் ஓடும் சத்தம், லிஃப்ட் நிற்கும் சத்தம், எது கேட்டாலும் கீழ் வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மாடிப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். காரில் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார், ஆட்டோவில் போனோம். சோதிக்க வந்தது ஒரு இளம் பெண். மடிக்கணினி மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து வயரில் ஒரு வட்டத் தட்டு. அதை மாமியின் தோளுக்குக் கீழே வைத்தாள். நான் என் குறிப்பேட்டைத் திறந்து கொடுத்து நடந்ததைச் சொன்னேன். மாமி படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பெண் பதறவில்லை. எத்தனை வாட், எத்தனை நேரம், ஆன்டெனா எங்கே என்று கேட்டாள். பேஸ்மேக்கரே தன் நினைவில் நடப்பதைக் குறித்துவைக்கும். வெளியிலிருந்து ஏதாவது தொந்தரவு வந்தால் நேரத்தோடு பதிவாகும் என்றாள். பிறகு திரையில் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். சனிக்கிழமை வந்தது. எட்டு மணி. ஒன்பது.

"ஒன்பது பன்னெண்டுக்கு ஒண்ணுமே இல்லைங்க. அன்னிக்கு முழுக்கவே இல்லை. ஒரு துடிப்புகூட விடாம வேலை செஞ்சிருக்கு."

இன்னொரு தடவை பாருங்கள் என்று நான்தான் கேட்டேன். பார்த்தாள். அதே பதில். பின் ஏன் மயக்கம் என்று மாமா கேட்டார். அவள் மாமியிடம் குனிந்து, அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

மாமி கூரையைப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கு ஏகாதசி. ஒண்ணும் சாப்பிடலை. தீர்த்தம்கூட மாத்திரை முழுங்கறதுக்குத்தான் ஒரு வாய்" என்றாள்.

ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, வெறும் வயிற்றில், ஒரு வாய்த் தண்ணீரோடு, மூடிய காரின் வெக்கையில். உபவாசமே கூடாது என்று டாக்டர் தை மாதமே சொல்லியிருந்தார். மாமா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ரவை உப்புமா சாப்பிட்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலும் சாப்பிட்டதாகத்தான் தலையாட்டினாள். மாமா எழுந்து வெளியே போய், தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"நாலு நாளா நீ இதைச் சுமந்துண்டா இருந்தே?" என்று மாமி கேட்டாள். "எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். என்னிடமும் கண்டிப்பாகத்தான் பேசினார். இந்த முறை ஒன்றும் ஆகவில்லை என்பதால் செய்தது சரியாகிவிடாது. கிழிந்த வயரோடு அதிக சக்தியில் பேசுவது யாருக்குமே நல்லதில்லை. அந்த அம்மா காரில் இருந்தால் கருவி அணைந்தே இருக்கட்டும் என்றார். கேட்டுக்கொண்டேன்.

கருவி இரண்டு மாதம் அலமாரியிலேயே இருந்தது. பிறகு ஆன்டெனாவைப் பின்பக்கம் மாற்றி, புது வயரை டிக்கி வழியாக இழுத்து, மறுபடி பொருத்தினேன். துவாக்குடிப் பாதையில் தனியாகப் போகும்போது பேசுகிறேன். ஆனால் மைக்கை அழுத்துவதற்கு முன் இடது பக்க இருக்கையை ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அங்கே காய்ப்பைதான் இருக்கும்.

மாமா என்னோடு பேசுகிறார். தண்ணீர் லாரி, லிஃப்ட் சண்டை, எல்லாம் பேசுகிறார். நீங்க என்றுதான் கூப்பிடுகிறார். மாமி முன்போலவே சனிக்கிழமை வந்து காரில் ஏறுகிறாள். சாவியைத் திருப்புவதற்கு முன், சாப்பிட்டீங்களா மாமி என்று கேட்கிறேன். ஆச்சுடிம்மா என்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அதில் எனக்கு எதையும் படிக்கத் தெரியவில்லை. பையில் ஒரு பாட்டில் மோரும் இரண்டு வாழைப்பழமும் வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறேன்.