சொந்த விருப்பத்தின் பேரில்

என்னிடம் மூன்று கணிதச் சான்றிதழ்கள் இருக்கின்றன. மூன்றிலும் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரிதான்: "சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்." விருப்பமாம்! இப்போது பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியில் எசன் நகருக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஓர் அகதி முகாமில் இருந்தேன். அகதி வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். நான் சேர்ந்த கணித மாலை வகுப்போ எசனில் நடந்தது. அங்கே போய்வர வெளிநாட்டவர் அலுவலகம் அனுமதிச்சீட்டு தரும், அதுவும் ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்குத்தான். பாடம் ஐந்து மாதம். புதுச் சீட்டுக்கு அந்த அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைப்பதற்குள் வகுப்பு எங்கோ போய்விடும்.

முதல் தடவை சீட்டு முடிந்த பிறகும் ஒன்பது நாள் களவாகப் போனேன். ட்ராமில் சீருடை போட்ட எவன் ஏறினாலும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். பிடிபட்டால் வழக்கே கெட்டுவிடும் என்று முகாமில் சொன்னார்கள். பத்தாம் நாள் போகவில்லை. சும்மா நின்றுவிட்டால் சான்றிதழில் தோல்வி என்று விழும், முறைப்படி எழுதிக் கொடுத்து விலகினால் விழாது. என்ன காரணம் எழுதுவது? முகாம் அறையில் என்னோடு இருந்த அண்ணையைக் கேட்டேன்.

"விசாக் கதை ஒரு கடதாசியிலையும் எழுதாதை தம்பி," என்றார். "ஒரு ஒஃபீசுக்குத் தெரிஞ்சால் எல்லா ஒஃபீசுக்கும் தெரியும். சொந்த விருப்பம் எண்டு எழுதிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இரு."

எங்கள் முகாமில் எல்லாரும் அப்படித்தான். எதற்கும் சொந்த விருப்பம். அவர் சொல்லச் சொல்ல ஜெர்மனில் எழுதினேன். அடுத்த இரண்டு தடவையும் அதே கதை, அதே கடிதம். களவாகப் போன நாட்கள் மட்டும் கூடின.

பிறகு வழக்கு வென்றது. அண்ணைக்கும் விசா கிடைத்து, இருவரும் எசனில் ஓர் அறை எடுத்தோம். பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் பகல்நேரக் கல்லூரிக்கு மாற விண்ணப்பித்தேன். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய கிழமை ஊரைவிட்டு ஓடி வந்தவன் நான். பொறியியல் படிக்கும் ஆசை ஒன்றுதான் மிச்சமாக இருந்தது.

கல்லூரியில் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஜெர்மன் அம்மா நல்லவர். மாலைப் பள்ளியிலிருந்து என் வரவுப் பட்டியலையே எடுப்பித்து வைத்திருந்தார்.

"வந்த நாட்களில் ஒரு நாள்கூட நீங்கள் பிந்தவில்லை. ஆனால் மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் நீங்களே விட்டிருக்கிறீர்கள். தேர்வுக் குழு இதைத்தான் கேட்கும். காரணத்தை எழுதித் தாருங்கள், நான் உங்களுக்காகப் பேசுகிறேன்."

பட்டியலைப் பார்த்தேன். நான் சோம்பேறி இல்லை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் காரணம் அனுமதிச்சீட்டு என்று எழுதினால் யாராவது சீட்டின் திகதியைக் கேட்பார்கள். களவாகப் போன ஒவ்வொரு நாளும் அதே பட்டியலில் வரிசையாக நின்றது. வென்ற விசாவைப் பறிப்பார்களா? எனக்குத் தெரியாது. ஒருவரைக் கேட்கவும் பயம். என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

எடுத்த பேனையை நான் திரும்ப வைத்ததை அந்த அம்மா பார்த்தார். "எழுத முடியாதென்றால் விண்ணப்பத்தை நீங்களே மீளப் பெறலாம். நிராகரிப்பு என்று பதிவாகாது," என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

அறைக்குத் திரும்பியபோது அண்ணை வேலைக்குப் போகச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவாம்? இடம் தருவினமோ?"

"விலகீட்டன் அண்ணை."

சப்பாத்து நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன காரணம் எழுதினனி?"

"நீங்கள் சொல்லித் தந்ததுதான். இந்த முறை ஒருவரையும் கேக்காமல் நானே எழுதினன்."