கல்யாண ஓலைக்குத் தடை சொன்னவள்

எலக்ட்ரீசியன் படிக்கப் போறேன்னு நான் சொன்னப்ப எங்க வூட்ல சிரிச்சாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. சிரிச்சாங்க. அப்பா சிரிச்சாரு, அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டு சிரிச்சாங்க. அதை நெனச்சா இந்த வயசுலயும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஏன்னா பீஸ் போனா வூடும் ஊரும் என்னைத்தான் கூப்பிட்டுச்சி. கம்பைநல்லூருக்கும் மொரப்பூருக்கும் நடுவுல எங்க வெள்ளாமைக் காடு. எண்பதுகள்ல எங்க பக்கம் கரண்டு வர்றதே ஒரு கூத்து, வந்தாலும் லோ வோல்டேஜ். கெணத்து மோட்டாரு உறுமும், சுத்தாது. கவனிக்காம வுட்டா காயில் எரிஞ்சி காடே நாறும். எங்க மோட்டாரு ஒரே வருசத்துல ரெண்டு தடவை எரிஞ்சிது. ரெண்டாவது தடவை வைண்டிங் கடைக்கு அப்பாவோட நானும் போனேன். அவரு சந்தைக்குப் போயிட்டாரு, நான் கடை வாசல்லயே நாள் பூரா உக்காந்திருந்தேன். எரிஞ்ச காயிலை வெட்டி எடுக்கறது, எத்தனை சுத்துன்னு எண்றது, புதுக்கம்பியை அதே எண்ணிக்கையில சுத்தி எறக்கறது, எல்லாத்தையும் பாத்தேன். கையால செய்யற வேலை, ஆனா கணக்கு தெரியலன்னா ஒண்ணும் நடக்காது. எனக்குக் கணக்கு வரும். பத்தாவதுல கணக்குலதான் நான் அதிகமா மார்க் வாங்கினது. இதுதான் என் வேலைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் எங்க ஸ்டார்ட்டரை நானே கழட்டி மாட்ட ஆரம்பிச்சேன். பீஸ் கட்டைக்குக் கம்பி கட்டறது, தேஞ்சிபோன காண்டாக்டை உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கிறது, இதெல்லாம் கை தானா செய்யும். பக்கத்துக் காட்டுக்காரங்க, "கொஞ்சம் வந்து பாரும்மா, மோட்டாரு எடுக்க மாட்டேங்குது"ன்னு வரப்பு மேல ஓடி வருவாங்க. போவேன். மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பாப்பேன். முக்காவாசி சரியாயிடும். அப்ப ஒருத்தரும் சிரிக்கல. தண்ணி பாஞ்சா போதும், யாரு கை பட்டா என்னன்னு இருந்தாங்க. அதே கைக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்னு கேட்டதுந்தான் எல்லாருக்கும் சிரிப்பு வந்துச்சி.

பத்தாவது முடிச்சி நாலு வருசம் காட்டு வேலைதான். எனக்கு இருவது, என் தங்கச்சிக்குப் பதினெட்டு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கடலைக்குக் களை வெட்டுவோம். அவ அதிகம் பேச மாட்டா. கடையில ஒரு சாமான் வாங்கணும்னாக்கூட என்னைத்தான் முன்னாடி தள்ளுவா. நான் அவளுக்கும் சேத்துப் பேசுவேன்.

தருமபுரி போய் ஐ.டி.ஐ.யில விண்ணப்பப் பாரம் வாங்கிட்டு வந்து நானே எழுதிப் போட்டேன். இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி கார்டு வந்துச்சி. "போய்ட்டு வா, எப்படியும் பொட்டப்புள்ளைய சேக்க மாட்டாங்க"ன்னு அப்பா சொன்னாரு. சரி, அதுவே பெரிசுன்னு நெனச்சேன். கார்டுல ஜாதிச் சான்று கொண்டுவரணும்னு போட்டிருந்துச்சி. ரெவின்யூ இன்ஸ்பெக்டரைப் பாக்கப் போனேன். "நீங்க வேதக்காரங்க ஆச்சே, கோயில்லேர்ந்து ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கிட்டு வா"ன்னாரு. நேரா உபதேசியார்கிட்ட போனேன். கோயில் ரெஜிஸ்டரெல்லாம் அவர் பொறுப்புதான்.

அங்கதான் வெனை புடிச்சிது. எங்க பங்குல, அதாவது எங்க கோயிலுக்குச் சேந்த ஊருங்கள்ல, ஞானஸ்நான சர்டிபிகேட்டை ரெண்டு தடவைதான் கேப்பாங்க. புள்ளைய பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப அப்பன் வந்து கேப்பான், அப்புறம் கல்யாணத்துக்கு அப்பன் வந்து கேப்பான். இருவது வயசுப் பொண்ணு, அப்பன் இல்லாம, வேலை நாள்ல தனியா வந்து கேட்டா அதுக்கு எங்க ஊர்ல ஒரே அர்த்தம்தான்.

உபதேசியார் ரெஜிஸ்டரைத் தொறக்கவே இல்ல. மூக்குக் கண்ணாடிய எறக்கி என்னைப் பாத்தாரு.

"பையன் எந்தப் பங்கு?"

"பையனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஐ.டி.ஐ.க்கு வேணுங்க."

"கோவப்படாதம்மா. உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிதான் வந்திருக்கறேன்."

"அப்ப அவரையே வரச் சொல்லு"ன்னு ரெஜிஸ்டரை எடுத்து அலமாரியில வச்சிப் பூட்டிட்டாரு.

நான் பஸ் புடிச்சி வூடு வந்து சேர்றதுக்குள்ள சேதி வந்து சேந்துடுச்சி. எந்தக் கால்ல வந்துச்சோ தெரியல. அம்மா மொறத்தைத் தள்ளி வச்சிட்டு அழுதுகிட்டு இருக்கறாங்க. அப்பா வாசல்லயே நிக்கறாரு. "எவன்டி அவன்?"

கத்தினேன். தொண்டை கட்டற வரைக்கும் கத்தினேன். இன்டர்வியூ கார்டை எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சொன்னது, உபதேசியார் கேட்டது, ஒண்ணு விடாம சொன்னேன். அப்பா கார்டை வாங்கி ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் சொன்னாரு: "நீ சொல்றது நெசந்தான். எனக்குத் தெரியுது. ஆனா ஊரு பேசிடுச்சே, அதுக்கு என்ன பண்றது?"

அவரு என்னை நம்பலன்னா நான் என்னைக்கோ மன்னிச்சிருப்பேன். நம்பினாரு. நம்பிட்டும், செய்யாத தப்புக்கு எனக்குக் கல்யாணத்தைத் தண்டனையா குடுத்தாரு. இதுக்கு என்னன்னு பேரு வைக்கிறது? ஊரு வாயை மூடணும்னா என் கழுத்துலதான் கயிறு கட்டணுமா?

பத்து நாள்ல மாப்பிள்ளை கெடச்சிட்டான். மொரப்பூர் பக்கத்து ஆளு, ரயில்வேல கேங்மேன் வேலை, வயசு முப்பத்திரண்டு. பொண்ணு பாக்க வந்தவன் என் மூஞ்சியைப் பாக்கல, அம்மாவைப் பாத்து, "காட்டு வேலையெல்லாம் செய்யுமில்ல?"ன்னு கேட்டான். மாடு புடிக்க வந்த கணக்கா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அப்பா, "எல்லாம் செய்யும்"னு சொல்லிட்டாரு. அதே உபதேசியார் இப்ப சிரிச்ச மொகமா சர்டிபிகேட்டை எழுதி அப்பா கையில குடுத்தாரு. கீழ 'திருமணத்திற்காக மட்டும்'னு எழுதியிருந்துச்சி. அது மாப்பிள்ளையோட பங்குக்குப் போயிடுச்சி. எனக்கு ஒண்ணு தனியா குடுங்கன்னு போய்க் கேட்டா, "ஒருத்தருக்கு எத்தனை சர்டிபிகேட்ம்மா?"ன்னு கேக்கறாரு.

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில ஓலை படிப்பாங்க. இன்ன ஊரு இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், இதுக்குத் தடை ஏதாவது இருக்கறது தெரிஞ்சவங்க பங்குச்சாமிகிட்ட சொல்லணும், சொல்லாம இருந்தா பாவம். மொதல் ஓலை படிச்சப்ப தலையைக் குனிஞ்சிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது ஓலைக்கு அடுத்த வியாழக்கிழமை இன்டர்வியூ. கல்யாணத்துக்கு முந்தி பொண்ணைத் தனியா கூப்பிட்டு சம்மதமான்னு சாமி கேக்கறது வழக்கந்தான். ஆனா அவரு கூப்பிடறதுக்குள்ள என் இன்டர்வியூ போயிடும்.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா பங்குச்சாமி உடுப்பு மாத்தற அறைக்குள்ள போனேன். பொம்பளைங்க அதுக்குள்ள போறது கெடையாது. போனேன்.

"சாமி, ஓலைக்குத் தடை இருக்குங்க."

"யாரு ஓலைக்கு?"

"என் ஓலைக்குத்தாங்க."

சாமி உக்காந்துட்டாரு. ஒவ்வொண்ணா கேட்டாரு. ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா? இல்ல. மாப்பிள்ளை நெருங்கின சொந்தமா? இல்ல. கன்னியாஸ்திரி ஆகறேன்னு வாக்குக் குடுத்திருக்கியா? அய்யோ, இல்லீங்க. அப்ப என்னம்மா தடைன்னாரு. எலக்ட்ரீசியன் படிக்கப் போறேன்னு சொன்னேன். சாமியும் சிரிச்சாரு. "திருச்சபைச் சட்டத்துல அப்படி ஒரு தடை இல்லம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்துல கண்ணுல தண்ணி முட்டிடுச்சி. ஆனா அழுவல. "எனக்குச் சம்மதம் இல்லீங்க சாமி. அது இருக்கா உங்க சட்டத்துல?"ன்னு கேட்டேன். அவரு சிரிப்பு நின்னுடுச்சி. ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "எழுதிக் குடு"ன்னாரு. எழுதினேன். வெளிய அப்பா நிக்கறாருன்னு தெரியும், அதுக்காக ஒரு எழுத்துகூட கோணல. சாமி ஓலையை நிறுத்திட்டாரு. சர்டிபிகேட்டையும் அவரே எழுதி சீல் குத்திக் குடுத்தாரு. அதுக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவதான். அதைக் காட்டி ஜாதிச் சான்றும் வாங்கிட்டேன்.

வியாழக்கிழமை இன்டர்வியூ. மேசைக்கு அந்தாண்ட மூணு பேரு. பொண்ணுங்களுக்குத் தையல் இருக்கேம்மான்னு ஒருத்தரு கேட்டாரு. தையல் கத்துக்கிட்டா எங்க மோட்டாரு ஓடுமாங்கன்னு கேட்டேன். இன்னொருத்தரு ஸ்டார்ட்டரைப் பத்தி நாலு கேள்வி கேட்டாரு, நாலுக்கும் பதில் சொன்னேன். சீட்டு கெடச்சிது. அப்பா கையெழுத்து போட்ட பாரத்தோட ஒண்ணாந்தேதிக்குள்ள வந்து சேரணும்னாங்க.

பாரத்தைக் கொண்டுபோய் அப்பா முன்னாடி வச்சேன். அவரு அதைத் தொடல.

"ஓலையை நிறுத்தி என் மானத்தை வாங்கிட்ட. அந்த வூட்டுக்கு நான் வாக்குக் குடுத்தவன். சின்னவளைக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

"அவளைக் கேட்டீங்களா?"

"உன்னைப் பேச வுட்டுத்தான் எல்லாம் கெட்டுது. இவளுக்கு மூணு ஓலையும் படிச்சி முடியட்டும், அன்னைக்கு உன் பாரத்துல கையெழுத்து போடறேன். அதுவரைக்கும் நீ சாமி இருக்கற பக்கமே போகக் கூடாது. வாயைத் தொறந்த, பாரத்தைக் கிழிச்சி அடுப்புல போட்டுடுவேன்."

மூணாவது ஓலைக்கும் ஒண்ணாந்தேதிக்கும் நடுவுல ரெண்டே நாள். எண்ணிப் பாத்துட்டுதான் அப்பா சொல்லியிருக்கறாரு.

மறுநாள் களை வெட்டறப்ப தங்கச்சி களைக்கொத்தைக் கீழ போட்டுட்டு என் பக்கத்துல வந்து குந்தினா.

"அக்கா, எனக்கு அந்த ஆளு வேணாங்க்கா. பயமா இருக்குது. நீ சாமிகிட்ட சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு."

நான் அவளைக் கட்டிப் புடிச்சிருக்கணும். ஆனா எனக்குக் கோவம்தான் வந்துச்சி. அப்பா மேல இருந்த கோவம், உபதேசியார் மேல இருந்த கோவம், எல்லாத்தையும் அவ தலையில கொட்டினேன். "உனக்கு வாயில்லையா? என் ஒருத்தி வாயிதான் இந்த வூட்டுக்கே வாயா? நானா போய்த்தான சொன்னேன்? நீயும் போய்ச் சொல்லு. சம்மதம் இல்லன்னு ஒரு வார்த்தை, அதுக்குக்கூட நான் வரணுமா?"

"எனக்குப் பேச வராதுக்கா. உனக்குத் தெரியுமில்ல"ன்னா.

தெரியும். பதினெட்டு வருசமா தெரியும். தெரிஞ்சிதான் சொன்னேன். அவ கொத்தை எடுத்துக்கிட்டு அவ வரிசைக்குப் போயிட்டா.

சாமி அவளையும் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு. என் விசயத்துல ஒரு தடவை சூடு பட்டவரு, ரெண்டு தடவை கேட்டாராம். இவ தலையை ஆட்டிட்டு வந்துட்டா. அவரு சம்மதம்னு எழுதிக்கிட்டாரு.

மூணு ஞாயித்துக்கிழமை படிச்சாங்க. மூணு பூசையிலயும் அவ எனக்குப் பக்கத்துலதான் முட்டி போட்டிருந்தா. மூணாவது தடவை, தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு சாமி படிச்சிட்டு, என்னவோ நெனச்சிக்கிட்டு பொம்பளைங்க பக்கமா நிமிந்து பாத்தாரு. என்னைத்தான் பாத்தாரு. தங்கச்சி தலையைத் திருப்பல. அவ தோளு மட்டும் என் தோளோட ஒட்டியிருந்துச்சி, நடுங்குது, எனக்குத் தெரியுது. அத்தனை சனத்துல தடை தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அப்பா சட்டைப் பையில என் பாரம் நாலா மடிச்சி இருந்துச்சி. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன்.

பூசை முடிஞ்சி வூட்டுக்கு வந்து சோறு தின்னோம். அப்பா கையைக் கழுவிட்டு வந்து பாரத்தைப் பிரிச்சி வச்சாரு, பேனா எங்கன்னு தேடினாரு. நான் எழுந்திரிக்கல. தங்கச்சிதான் உள்ள போயி பேனாவை எடுத்துக்கிட்டு வந்து, மூடியைக் கழட்டி அவரு கையில குடுத்தா.