மிஷின் சூடேறும் முன்

என் வீட்டுக்காரருக்கு மில்லில் வைத்த பெயர் ‘ஸ்விட்ச்’. அங்கே அவர் எலெக்ட்ரீஷியன். ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை. அறையை விட்டு வெளியே கால் வைத்தால் அவர் கை தானாகச் சுவருக்குப் போய்விடும். பஞ்சு பறக்கும் இடத்தில் ஒரு பொறி போதும், எல்லாம் சாம்பலாகிவிடும். சரி, அதற்காக நான் குளித்துக்கொண்டிருக்கும்போது விளக்கை அணைத்தால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்?

மனிதருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. பழைய சாமான் கடையில் கிடந்த ஒரு சிந்தசைசரை, கரண்டில் ஓசை எழுப்பும் கட்டை வைத்த மிஷினை, வாங்கி, உயிர் கொடுத்து, வருஷக்கணக்கில் ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தார். பாட்டு என்றால் வரி வேண்டாமா? இதில் கிடையாது. மிஷின் ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருக்கும், வயலின்கள் மெல்ல எழும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் சொல்லே இல்லாமல் அலையும். தூக்கம் வருகிறது என்று கேலி செய்வேன். ஆனால் சமைக்கும்போது என் வாய் அதைத்தான் முணுமுணுக்கும்.

கடைசிப் பாட்டில் விருந்தாளியாகப் பாட அவருடைய அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அதற்குள் அவர் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் திரும்பும் என்று சொல்ல முடியாது என டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தைய நாள்தான் ஒலிப்பதிவுக் கூடம் கிடைத்தது. ஒரே தடவை பாடலாம், அவ்வளவுதான்.

நன்றாகச் சூடேறினால்தான் அந்தப் பழைய மிஷினின் சுருதி ஓரிடத்தில் நிற்கும். காலையிலிருந்து அதைச் சூடேற்றி, வயலின்கள் அதனோடு சுருதி சேர்த்து, மற்ற பாட்டுகளை முடித்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் மிஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை.

“யாருங்க இதை அணைச்சது?” என்றார் வாத்தியக்காரர்களை நடத்துகிறவர். கையில் குச்சி வைத்திருப்பதால் அவரைக் குச்சிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

என் வீட்டுக்காரர் தன் கையையே பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பற்றிக்கொண்டு வந்தது.

“ஆறிப்போச்சு. இப்போ திருகிச் சேத்தாலும், சூடேற ஏற சுருதி மேல போய்க்கிட்டே இருக்கும்” என்றார் இவர்.

“காத்திருக்க முடியாது சார். அடுத்த பார்ட்டி வாசல்ல நிக்கறாங்க” என்றார் குச்சிக்காரர்.

“மிஷினை அப்புறம் சேத்துக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

அண்ணிதான் பதில் சொன்னார். “கட்டி வந்ததுலேர்ந்து, காதுல சுருதி இல்லாம என் குரல் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா.” பிறகு தம்பியைப் பார்த்தார். “டேய், முழிச்சுக்கிட்டு நிக்காதே. ஒரு கையால சுருதித் திருகைப் பிடி. ஏற ஏற இறக்கிக்கிட்டே வா.”

“இன்னொரு கையால ஹெட்போனை அமுக்கிப் பிடிக்கணுமேக்கா. இல்லன்னா வயலின் சத்தத்துல எனக்குச் சுருதியே கேக்காது. கட்டையை யாரு அழுத்தறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இந்த ஒண்ணுதான். விட்டுடாதே” என்று இவர் என் விரலை ஒரு கட்டையில் வைத்தார். அந்த மனிதரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அண்ணியை மட்டும் காப்பாற்று என்று அதே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

குச்சி இறங்கியது. அண்ணி பாடினார். மிஷின் ஏறப் பார்த்தது. இவர் மயிரிழை மயிரிழையாகத் திருகை இறக்கினார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. பாதியில் திருகிலிருந்து அவர் விரல் வழுக்கி, சுருதி சட்டென்று எங்கோ மேலே போய்விட்டது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணியின் குரல் மட்டும் நகரவில்லை. பிடிமானமே இல்லாமல் அப்படியே நின்றது. மிஷின் தடுமாறி, கீழே வந்து, மெல்ல அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டது.

முடிந்தபோது என் விரல் மரத்துப்போயிருந்தது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, குரல் திரும்பவில்லை. காற்று மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. ஆல்பம் வந்த அன்று அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார். வழுக்கிய அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்பாயிடுச்சுக்கா.”

“போடா. இங்கதான் நீ தொலைஞ்சு போய், என்னைத் தேடி வரே” என்றார் அண்ணி, அந்தக் காற்றுக் குரலில்.

இவர் எழுந்து வெளியே போனார். போகும்போதே கை சுவருக்குப் போய், விளக்கு அணைந்தது. உள்ளே இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு நான் திட்டவில்லை.