காய்ச்சல் விட்ட அன்று

சுங்குவார்சத்திரத்தில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் வைத்தியம் பார்ப்பது டாக்டரம்மா. வந்தவர்களை உட்கார வைப்பது நான். டோக்கன் கொடுப்பேன், எடை பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன், நடுநடுவே பேசுவேன். பேச்சும் என் வேலையில் சேர்த்திதான். பருவம் மாறும்போதெல்லாம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இந்த மாதம் வருகிறவர்களிடம் இன்னின்னதைச் சொல்லு என்பார். வாசலில் அட்டையிலும் எழுதி மாட்டுவோம். ஆனால் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து நேராக வருகிறவர்களுக்குக் கண் பாதி மூடியிருக்கும். அட்டையை யார் படிப்பார்கள்? அட்டையில் இருப்பதை நான்தான் வாயால் சொல்ல வேண்டும்.

வெயில் காலத்தில், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பேன். லைனில் நின்று வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்கள். "குடிச்சா போவணும்க்கா. போவணும்னா நம்ம எடத்துல மாத்தி நிக்க ஆளு வரணும். ஆளு வர்றதுக்குள்ள தீவாளி வந்துடும்" என்றாள் ஒருத்தி. உள்ளேயிருந்து டாக்டரம்மாதான், "பிரேக்ல குடி, பஸ்ல குடி, ரூமுக்குப் போயும் குடி. ஒரேயடியா நிறுத்திட்டு இங்க வந்து எரியுதுன்னு அழாத" என்று குரல் கொடுத்தார்.

மார்கழியில் பேச்சு மாறும். ஒரகடம் சாலையில் விடியற்காலை பைக்கில் போகிறவர்களிடம், ஓரத்தில் நிற்கும் ட்ரெய்லருக்குப் பின்விளக்கு எரியாது, பனியில் கிட்டே போன பிறகுதான் தெரியும், மெதுவாகப் போங்கள் என்பேன். பென்னலூரிலிருந்து சர்க்கரை மாத்திரைக்கு வரும் ஆட்டோக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "கரீட்டுமா. உடம்பு வாடகை வூடு மாதிரி. ஓனரு எப்ப காலி பண்ணச் சொல்வான்னு நமக்குத் தெரியாது. அது வரைக்கும் செவுத்துல ஆணி அடிக்காம இருந்தா போதும்" என்றார். இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடே வேண்டாம். வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொன்னால்தான் ஜீரணமாகும்.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் முழுக்க முழுக்கக் கொசுப் பேச்சுதான். இங்கே ஹாஸ்டல்களிலும் வாடகை ரூம்களிலும் தண்ணீர் லாரியில் வருகிறது. வந்ததை நீல டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். டிரம்மைத் துணி போட்டுக் கட்டுங்கள், வாரம் ஒரு தரம் தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே டிரம் கழுவிய அலுப்பு வந்துவிடும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் பையன்கள், "கொசுன்னா ராத்திரிதானக்கா, ராத்திரி நாங்க ரூம்லயே இல்லியே" என்பார்கள். "டெங்கு கொசுவுக்கு ஜெனரல் ஷிப்ட்டுப்பா. நீ வந்து படுக்கும்போதுதான் அது டூட்டிக்கு வரும். பகல்லயும் வலை கட்டு" என்பேன். அதற்குச் சிரித்தவர்களில் பாதிப் பேராவது வலை வாங்கியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இத்தனையிலும் மனிதர்கள் கேட்டுக்கொள்ளாத ஒன்று உண்டு. காய்ச்சல் விட்டாலும் வாருங்கள் என்பதுதான் அது. காய்ச்சல் வந்தால் வருவார்கள். விட்டால் எதற்கு வர வேண்டும்? ஹாஸ்டல் பெண்கள் இதற்கென்று ஒரு வசனமே கட்டி வைத்திருந்தார்கள்: "காய்ச்சல் விட்டா கஞ்சி, கஞ்சி உள்ள போனா கம்பெனி." முதலில் கேட்டபோது கைதட்டிச் சிரித்தேன். டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மத்த காய்ச்சலுக்கு அது சரி. டெங்குல காய்ச்சல் எறங்குற அன்னிக்குத்தான் ஆபத்தே ஆரம்பிக்கும். ரத்தக் குழாய்லேருந்து தண்ணி வெளிய கசியும், பிரஷர் எறங்கும். பாக்க நல்லாத்தான் இருப்பாங்க. அதைச் சொல்லு முதல்ல" என்றார். அன்றிலிருந்து சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். தென்காசிப் பக்கம். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளை அழைத்து வந்தவளும் அதே ஊர், ஒரே ரூம், ஒரே லைன். காய்ச்சல்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் தோழிதான் பதில் சொன்னாள். டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். டெங்கு என்று வந்தது. கொடுத்த மாத்திரையைத் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கடையில் வாங்கிப் போடக் கூடாது, கஞ்சியும் இளநீரும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், காய்ச்சல் விட்ட அன்று கட்டாயம் வர வேண்டும் என்றார். நானும் வாசல் வரை போய் அதையே திருப்பிச் சொன்னேன்.

"வந்திருதோம்க்கா" என்றாள் தோழி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வாரத்தோட இவளுக்கு ட்ரெய்னிங் முடியுதுக்கா. வேலைக்கு எடுக்குத லிஸ்ட்ல பேரு நிக்கணும்னா லீவே போடக் கூடாதுங்காவ. ஏற்கெனவே போட்டாச்சி. இன்னும் போட்டா ஊருக்குத்தான் போவணும்" என்றாள். காய்ச்சல்காரி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஊருக்குப் போவதை நினைத்து அவ்வளவு பயந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு மதியம். மழை சற்று விட்டிருந்தது. டாக்டரம்மாவுக்கு டீ வாங்க பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம். டீக்கடை ஓரம் சீருடையில் ஒரு கும்பல் நின்றது. அதில் அந்தப் பெண்ணும் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தலைமுடி ஈரமாக விரித்துப் போட்டிருந்தது, கம்பத்தில் சாய்ந்திருந்தாள்.

தோழி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "எக்கா, காய்ச்சல் விட்டிருச்சு! தலைக்கு ஊத்தியாச்சு!"

முகமெல்லாம் சிரிப்பு. ஊரில் அம்மை இறங்கினால் செய்வதுபோல, காய்ச்சலுக்கும் தலைக்கு ஊற்றினால்தான் அவர்களுக்கு நோய் முடிந்த கணக்கு. வேப்பிலை பறித்து வந்து, வாளியில் ஹீட்டர் கம்பி போட்டுச் சுடவைத்து, ரூமில் இருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு குவளை ஊற்றினார்களாம். லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை இன்னொருத்திக்குக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. ஹாஸ்டல் வார்டன் அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு பேர் சேர்ந்து அவளைக் குணமாக்கி, தலை துவட்டி, பஸ்ஸுக்கு அனுப்ப நின்றார்கள்.

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டிக்குள் விட்டு எடுத்த கை மாதிரி இருந்தது. இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"லேசாத்தான்."

"சாப்ட்டது நின்னுச்சா?"

"ரசம் நிக்கல. கஞ்சியையும் கக்கிட்டா" என்றாள் தோழி. சொல்லும்போதே அவள் சிரிப்பு குறைந்தது.

"இப்பவே கிளினிக்குக்கு வா. டாக்டரம்மா உள்ளதான் இருக்காங்க. ரோட்டைத் தாண்டினா போதும்."

"ஷிப்டு முடிச்சிட்டு வாரேன்க்கா."

"முடிக்க மாட்டடி."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அதற்குள் பஸ் வந்து நின்றது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். அவளும் கம்பத்தை விட்டு நகர்ந்தாள். நான் கையை விடவில்லை. அவள் இழுக்க, நான் இழுக்க, டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இந்தப் பக்கத்து ஆள், எங்களிடம் முதுகுவலிக்கு வருகிறவர்.

"இன்னாமா, கபடி ஆடிக்கினுகீறீங்களா? ஏறுறதுன்னா ஏறு. ஒரகடம் ரோடு ஜாமாயிடும்."

"டெங்குண்ணே இது. காய்ச்சல் விட்டுருச்சுன்னு வேலைக்குக் கெளம்பிடுச்சு. கை ஜில்லுன்னு கீது."

"காய்ச்சல் வுட்டா நல்லதுதானம்மா?"

"இந்தக் காய்ச்சல்ல இல்லண்ணே."

பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "வாளா, நேரமாவுது", "அக்கா எப்பவும் பயமுறுத்துவாவ" என்று குரல்கள். அவள் என் கையை உதறிவிட்டுப் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை பேச்சில் ஒன்றும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

உதவியது தோழிதான். பின்னால் நின்றவள், அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தலை வழியாக உருவி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அட்டை இல்லாமல் கம்பெனி கேட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

"ஏட்டி, குடுட்டி!"

"குடுக்க மாட்டேன்."

"எம்பொழப்ப கெடுக்கியாட்டி? ஒனக்குப் பேரு வந்திரும், எனக்கு வராது, அதானே?"

தோழிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்ன வேணா சொல்லிக்க. ஒங்கம்மைக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்?" என்றாள். பிறகு என்னிடம், "எக்கா, பாத்துக்கிடுங்க. நானும் நின்னா லைன்ல ரெண்டு ஆளு கொறஞ்சிரும். நான் போயி சூப்பர்வைசர்ட்ட சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

டிரைவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "யம்மா, நானும் சொல்றேன் சூப்பர்வைசராண்ட. கண்ணால பாத்தேன்னு சொல்றேன். நீ போ தாயி" என்றார். பஸ் போய்விட்டது. அவள் அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், அழுவதற்கும் தெம்பில்லை.

டீக்கடைக்காரரும் நானும் அவளைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், டிரிப்ஸைத் தொடங்கிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். "நீயும் கூடப் போ. அந்தப் பொண்ணுக்கு இங்க யாரு இருக்கா?" என்றார். காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரி வரை அவள் கையைத் தேய்த்துக்கொண்டே போனேன். ஒரே ஒரு தரம் கண்ணைத் திறந்து, "அவளத் திட்டிட்டேன்க்கா" என்றாள்.

வார்டில் கட்டிலுக்குக் கட்டில் வலை கட்டியிருந்தது. சின்ன வயது டாக்டர் ஒருவர் அளந்து அளந்து டிரிப்ஸ் ஏற்றினார். ராத்திரி நான் அங்கேயே இருந்தேன். மறுநாள் காலை அவள் அம்மா தென்காசியிலிருந்து வந்து சேர்ந்தார். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த கால்கள் வீங்கியிருந்தன. மகளுக்கு என்ன ஆயிற்று என்று அந்த டாக்டரைக் கேட்டார். கசிந்த தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் சிறுநீர் தாராளமாகப் போகும், அது வரைக்கும் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா அதில் தனக்குப் பிடிபட்டதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். மகளிடம், "வருதாம்மா? வருதா?" என்பதைத் தவிர வேறு கேள்வியே இல்லை. "சும்மா இரும்மா, எல்லாரும் கேக்காவ" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ராத்திரி ஷிப்ட் முடித்திருந்த தோழியும் அன்று காலையே வந்தாள். உள்ளே போகாமல் வராந்தாவிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாளாம், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டு வரட்டும், பேசிப் பார்க்கலாம் என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் நிச்சயமில்லை.

"நாந்தாங்க்கா மொதக் குவளை ஊத்துனேன். அதனாலதான் இப்பிடி ஆயிட்டோ?"

"தண்ணி ஒண்ணும் பண்ணலடி. சரியாயிடுச்சுன்னு பஸ்ல ஏத்தியிருந்தாதான் பண்ணியிருக்கும். நீதான் ஏத்தலியே."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அடுத்த நாள் மதியமும் நான் போனேன். டாக்டரம்மாவே, போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். தோழியும் வார விடுமுறையில் வந்திருந்தாள். நாங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது வார்டு கதவு படாரென்று திறந்தது. அந்த அம்மா முந்தானையைக் கூடச் சரி செய்யாமல் வெளியே வந்தார். வரிசையில் நின்றவர்கள், சக்கர நாற்காலி தள்ளுகிறவர், பக்கத்து வார்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்மவ ஒண்ணுக்குப் போயிட்டா! நல்லா போயிட்டாய்யா! டாக்டரு தம்பியே சொல்லிட்டாரு!"

உள்ளேயிருந்து, "எம்மா!" என்று ஒரு கத்தல். வெட்கமும் கோபமும் கலந்த, நல்ல தெம்பான கத்தல். தோழி என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.