என் மனைவியின் நாலாவது சீட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரங்கூன் தாமுவே பேட்டையில் தார்ப்பாய் சுமந்தேன், தைக்கப் பழகினேன், இன்றைக்கு இன்சீனில் சொந்தக் கடை. மழையில் ஒழுகாத பந்தல் வேண்டுமென்றால் ஊரே என் கடையைத்தான் கைகாட்டும். அப்பேர்ப்பட்ட நான் செய்த முட்டாள்தனம் இது.

என் மனைவி கரேன் இனத்துக்காரி. ரங்கூனில் கரேன்காரர்களுக்குத் தேர்தலில் எல்லாருக்கும் உள்ள மூன்று ஓட்டுச் சீட்டுக்கு மேல் நாலாவதாக ஒன்று உண்டு, தங்கள் இனத்து மந்திரியைத் தேர்ந்தெடுக்க. இன்சீனுக்குக் குடிவந்தபோது பேட்டை ஆபீசில் வீட்டு ஆட்களின் விவரம் கேட்டார்கள். "என் வீட்டில் எல்லாரும் தமிழர்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர்கள் எல்லாரையும் இந்தியர் என்று எழுதிக்கொண்டார்கள். கட்டிவந்தவள் நம் ஆளாகிவிட்டாள் என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு.

சில வருஷம் முன்பு, தேர்தலுக்கு முன்னால், சின்னதொரு கரேன் கட்சிக்காக ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருத்தர் வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக வந்தார்.

"ஊஜீ, பெரியவரே, உங்க வீட்டம்மாவை இந்தியர்னு போட்டிருக்கே? நாலாவது சீட்டு கிடைக்காதே!"

மனைவி என் பக்கம் திரும்பினாள். "முப்பது வருஷம் உங்களுக்குக் குழம்பு வச்சதுல என் இனமே மாறிப்போச்சா?"

நான் பேச்சை மாற்றிச் சமாளித்தேன். "சின்னக் கட்சியால ஓட்டுப் பிரியும், அவ்வளவுதானே டீச்சர்?"

"பெரிய கட்சிக்காரங்க யாராவது உங்க படியேறி இந்தப் பேரைப் பார்த்தாங்களா?"

சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டை ஆபீசுக்கு ஓடினேன்.

திருத்த இரண்டே நாள் பாக்கி. அவள் கரேன் என்று காட்ட, பிறந்த வீட்டின் குடும்பப் பட்டியல் வேண்டுமென்றார்கள். அது நகரத்தின் இன்னொரு கோடியில், தின்கன்ஜூனில் மச்சான் வீட்டில் இருந்தது. டீச்சரே என் மனைவியோடு இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கிவந்தார். மறுநாள் சாயங்காலம் பட்டியல் சரியானது. ஓட்டுப் போட்ட அன்று விரல் மையைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தாள் என் மனைவி.

அந்தக் கட்சி தோற்றது. அப்படியும் டீச்சர் நன்றி சொல்ல வந்தார். மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"டீச்சர், மறைக்க மாட்டேன். உங்க ஆளுக்கு நான் போடல."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "யாருக்கோ போட்டீங்கல்ல? அதுக்குத்தானேம்மா அலைஞ்சேன்."

அடுத்து டீச்சரின் கட்சி போட்ட கூட்டத்துக்கு நானே ஏணியில் ஏறிப் பந்தல் கட்டினேன். காசு வாங்காமல்தான். மழை கொட்டியது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.