இடது ஓரம்

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கறுப்புத் திருகைப் பிடித்திருக்கின்றன. பாட்டில் மூடி அளவுதான் அது. அதை அவள் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, கேமராவுக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடியில் செய்தி வரிகள் மேலே ஏறுகின்றன. மேசைக்குப் பின்னால் இருக்கும் செய்தியம்மா அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் தங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். திருகுகிறவளின் இடது கை மடியில் ஒரு கம்பளித் துண்டுக்குள் கிடக்கிறது. செய்திக் கூடம் அவ்வளவு குளிர்.

அந்த இயந்திரத்துக்குப் பெயர் பிராம்ப்டர். அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. வளாகத்தில் எல்லாருக்கும் அவள் பிராம்ப்டர் அக்கா. ஐம்பதைத் தொடும் வயது, குட்டையான உருவம், எந்நேரமும் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர்.

வேகம் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"வாயைப் பாத்தா லேட்டாயிடும் நர்ஸம்மா. தோளைப் பாக்கணும். மூச்சு எடுக்கிறப்போ தோள் ஏறும். ஏறுனா நிறுத்தணும், இறங்குனா உருட்டணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொல்லும் அந்த வேலையைப் பதினெட்டு ஆண்டுகளாக, ஒரே பெண்மணியின் தோளைப் பார்த்துச் செய்துவருகிறாள். பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. கேண்டீனில் யாராவது அவளிடம் பேசினால் அவள் கட்டைவிரல் மேசைமீது தானாகத் திரும்பும். வேகமாகப் பேசும் லைட்மேனுக்கு வேகமாக, திக்கிப் பேசும் தச்சருக்கு நின்று நின்று. தன் கணவரைப் பற்றிச் சொல்வாள்: "அவர் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் விரல் மரத்துப்போயிடும். ஒரு வரிக்கு அரை மணி நேரம்!"

எங்கள் வளாகத்தில் பதினோரு படப்பிடிப்புக் கூடங்கள். எல்லாவற்றையும் கோக்கும் நடைபாதை அவ்வளவு நீளம். சாமான் தூக்குகிறவர்கள் அதில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். தரையில் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் செய்திக் கூடம், மஞ்சளைப் பிடித்தால் நாடகக் கூடங்கள். முதலுதவி அறை என்னுடையது. தச்சுப் பட்டறைக்கும் உடை அறைக்கும் நடுவில் இருக்கிறது. தலைவலி மாத்திரைக்கு ராஜா கிரீடத்தோடு வருவார். ஆணி குத்தியவர் வருவார், நாடகத்தில் செத்துப்போய் வயிறு பசித்தவர் வருவார். பிராம்ப்டர் அக்கா வாரத்துக்கு இரண்டு முறை, மாலைச் செய்தி முடிந்ததும், மணிக்கட்டு வலிக்குத் தைலம் தடவிக்கொள்ள வருவாள்.

போன மாதம் ஒரு மாலை அப்படித்தான் வந்தாள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சுவாக்கில் சொன்னாள்:

"இப்பல்லாம் வரி ரொம்பக் குட்டி ஆயிடுச்சு நர்ஸம்மா. அதான் கை அதிகமா சுத்த வேண்டியிருக்கு."

"வரி ஏன் குட்டியாச்சு?"

"நான்தான் குறைச்சேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செய்தி வாசிக்கிற அக்காவுக்காக."

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பேருந்து விபத்துச் செய்தி. 'இருபத்து மூன்று பேர் காயமடைந்தனர்' என்று வரி தொடங்கியிருந்தது. செய்தியம்மா 'மூன்று பேர் காயமடைந்தனர்' என்று வாசித்துவிட்டார். மருத்துவமனை வாசலில் சொந்தக்காரர்களைத் தேடி நின்றவர்கள் தொலைபேசியில் கத்தித் தீர்த்தார்கள். செய்தி ஆசிரியர் கூடத்துக்கே இறங்கி வந்து, எல்லார் முன்னிலையிலும், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்த நாற்காலியில வேற ஆள் உக்காரும்" என்றாராம்.

"அன்னிக்கி வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாத்தேன். அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை வரியோட முதல் வார்த்தையை விட்டிருந்தாங்க. சின்ன வார்த்தை, யாரும் கவனிக்கல. சரின்னு மறுநாள் எழுத்தையெல்லாம் கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளி வெச்சேன். தப்பே இல்லாம வாசிச்சாங்க. நாலு நாள் கழிச்சு மறுபடி தடுமாறப் பாத்தாங்க. இன்னும் கொஞ்சம் தள்ளுனேன்."

"இப்ப எவ்வளவு தள்ளியிருக்கே?"

கண்ணாடியின் அகலத்தைக் காற்றில் இரண்டு கைகளால் காட்டினாள். பிறகு இடது கையை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பாதி. இடது பக்கம் பாதிக் கண்ணாடி வெறுமை.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. என்னையும் அவங்களையும் தவிர அந்தக் கண்ணாடியை யாரு பாக்கிறா? கேட்டா சங்கடப்படுவாங்கன்னு நான் சொல்லல. புது மூக்குக்கண்ணாடி போட்டிருக்காங்க, அது பழகிடும்னு நெனைச்சேன்."

தைலப் பாட்டிலை மூடி வைத்தேன். நாற்பது ஆண்டுகள் வார்டுகளில் நின்றவள் நான். தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்று சொன்ன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கோளாறு கண்ணில் இல்லை, தலைக்குள். ஆனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம் என் பதிவேட்டில் இருந்தது. அதே மாதத்தில் செய்தியம்மா இரண்டு முறை கதவில் இடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு முறையும் இடது முழங்கை. இரண்டு முறையும் களிம்பு போட்டு, "பாத்து நடங்கம்மா" என்று அனுப்பியவள் நானேதான்.

உள்ளதைச் சொன்னேன். மூளையில் ரத்தக் கட்டாக இருக்கலாம், வேறு கட்டியாகவும் இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், மூன்று வாரம் வீணாகிவிட்டது என்றேன். அவள் அழவில்லை. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல.

"நல்லது பண்றேன்னு நெனைச்சு மூடி வெச்சுட்டேனா நர்ஸம்மா?"

"ஆமா," என்றேன். "நானும் களிம்பு பூசி மூடினேன். இப்ப அதைப் பேச நேரமில்லை."

செய்தியம்மா அதற்குள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். போனில் அழைத்தேன். தலைவலி, வாந்தி, கை கால் மரத்துப்போவது எதுவும் இல்லை என்றார். இடது பக்கம் பார்வை சரியாக இருக்கிறதா என்று கேட்டதும் குரல் மாறியது.

"யாரு சொன்னது உங்களுக்கு? மூணு வாரமா ஒரு எழுத்துகூடப் பிசகல. வேணும்னா ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்க. என்னை நோயாளி ஆக்கிட்டு, புதுசா வாசிக்க வந்திருக்கிற அந்தச் சின்னப் பொண்ணை என் நாற்காலியில உக்கார வெக்கலாம்னு யாராவது உங்ககிட்ட சொல்லிவிட்டாங்களா?"

வைத்துவிட்டார். அவர் கணவரைப் பிடித்து, தலைவலி வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொன்னேன். காலையில் பத்து மணிக்கு எப்படியாவது இங்கே கூட்டிவாருங்கள், ஒரு வண்டியும் டாக்டரும் ஏற்பாடு செய்து வைக்கிறேன் என்றேன். அவர் பயந்துபோய்ச் சரி என்றார்.

"வந்தாலும் நம்ப மாட்டாங்க," என்றாள் பிராம்ப்டர் அக்கா. "மூணு வாரமாத் தப்பு பண்ணலையே அவங்க. தப்பு பண்ண நான் விடலையே." தைலம் பூசிய மணிக்கட்டை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். "நானே காட்டுறேன் நர்ஸம்மா. என்னை வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. பேசட்டும்."

மறுநாள் காலை பத்து மணிக்குச் செய்திக் கூடத்தில் ஆள் இல்லை. துடைக்கிறவரின் வாளி ஓரமாக இருந்தது. மேசைக்கு மேலே ஒரே ஒரு விளக்கைப் போட்டிருந்தாள். செய்தியம்மா முந்தின மாலைக் கோபம் தணியாமல் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னடி இது நாடகம்? நீயும் இந்த நர்ஸம்மாவோட சேந்துட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா. நேத்து வாசிச்ச அதே செய்திதான். எனக்காக ஒரு தடவை."

நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். எழுத்துகளை அவள் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டிருந்தாள். மூன்று வாரங்களுக்குப் பிறகு வரிகள் கண்ணாடியின் இடது ஓரத்தில் தொடங்கின. 'நகரின் வடக்குப் பகுதியில்' என்பது முதல் வரி. 'நாளை குடிநீர் வராது' என்பது அடுத்தது. 'பழுது நீக்கும் பணி' அதற்கும் கீழே.

தோள் ஏறி இறங்கியது. விரல்கள் திருகைத் திருப்பின.

"வடக்குப் பகுதியில்... குடிநீர் வராது... நீக்கும் பணி..." செய்தியம்மா நிறுத்தினார். "யாரு எழுதினது இது? நாளைக்கா, நேத்தா, ஒண்ணுமே இல்லையே! நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

திருகிலிருந்து அவள் கை எழுந்துவிட்டது. ஒரு வாசிப்பின் நடுவே அந்தக் கை எழுந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. வரிகள் அப்படியே நின்றன. அவள் ஓசையில்லாமல் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு மேசைக்குப் போனாள். போய், நாற்காலியின் இடது பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"ஏன்டி நிறுத்திட்டே?" செய்தியம்மா இயந்திரத்தின் பக்கமே பார்த்துக் கேட்டார். "எங்க போயிட்டே?"

"இங்கதான்க்கா நிக்கிறேன்."

"எங்க?"

"உங்க பக்கத்துல. இடது பக்கம்."

செய்தியம்மா தலையை முழுதாகத் திருப்பினார். அங்கே அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. திரும்பவும் நேராகப் பார்த்தார். மறுபடி தலையைத் திருப்பினார். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரம். உங்களுக்காக எழுத்தைத் தள்ளித் தள்ளி வெச்சேன். என்னை அடிங்கக்கா. ஆனா கிளம்புங்க, வண்டி நிக்குது."

அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். "சாயங்காலச் செய்திக்கு அந்தப் பொண்ணைக் கூப்பிடச் சொல்லு," என்றார். "அவ சீக்கிரம் சீக்கிரமா வாசிப்பா. நீதான் இழுத்துப் பிடிக்கணும்."

"நான் இன்னிக்கி உங்ககூட வரேன்க்கா."

வெளியே கணவரும் வண்டியும் காத்திருந்தார்கள். செய்திக் கூடத்தின் வெளிக்கதவு அரைச் சாண் தடிமன். சத்தம் நுழையாமல் இருக்கச் செய்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் புக முடியும். நான் முன்னால் போய் அதைத் திறந்து பிடித்துக்கொண்டேன். செய்தியம்மா நேராகப் பார்த்தபடி, வழக்கமான வேகத்தில் வந்தார். ஒரு எட்டுப் பின்னால், அவர் தோளைப் பார்த்துக்கொண்டே வந்தவள், கதவு நிலைக்கு வந்ததும் இடது கையை முன்னால் நீட்டினாள். அந்த இரும்பு விளிம்புக்கும் செய்தியம்மாவின் இடது முழங்கைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்து, அவர் கடந்து முடிக்கும்வரை எடுக்காமல் இருந்தாள்.