சத்தம் வர இழுங்க

“மொதல்ல உள்ள இருக்கதப் பூரா வெளிய விடுங்க. வீட்டுல உள்ள கோவத்தையும் சேத்து விடுங்க” என்று சொல்லிவிட்டு, அசன் முகம்மது தானும் கன்னம் ஒட்டும்வரை மூச்சை வெளியே விட்டார். எதிரே ஸ்டூலில் இருந்த பெரியவரும் விட்டார். பிறகு இருவரும் ஆளுக்கொரு இன்ஹேலரை உதட்டில் பொருத்தி ஒரே நேரத்தில் இழுத்தார்கள். பெரியவருடையதில் கேப்சூல் கடகடவென்று ஆடியது. அசனுடையது காலி, வெறும் காற்றுதான் வந்தது. இருவரும் வாயை மூடி, கண்ணை உருட்டி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். அசனின் விரல்கள் மட்டும் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக்கொண்டிருந்தன. மேலப்பாளையம் பஜாரில் இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

கடை முஃபீதாவுடையது. பார்மசி படித்தவர். அசன் அவருடைய அக்காள் கணவர். மருந்துச் சீட்டைப் படிப்பதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் எத்தனை வேளை என்று சொல்வதும் முஃபீதாவின் வேலை. அதில் அசன் தலையிட மாட்டார். பெட்டி இறக்குவது, கடை முன்னால் தண்ணீர் தெளிப்பது, பிறகு அந்த ஸ்டூல், இவை மூன்றும் அவருடையவை. இன்ஹேலர் வாங்கும் யாரும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தடவை இழுத்துக் காட்டாமல் படி இறங்க முடியாது. வாரம் ஒரு முறை வந்து மறுபடி இழுத்துக் காட்ட வேண்டும். வராதவர்களை வழியில் கண்டால், சைக்கிளை நிறுத்தி, “இழுக்கியளா?” என்று நடுத்தெருவில் கேட்பார். வெட்கப்பட்டே பலர் ஒழுங்காக வந்துவிடுவார்கள்.

வயது நாற்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல். யார் எதை உறிஞ்சினாலும் அவர் கண் அங்கே போய்விடும். சர்பத் கடையில் உட்கார்ந்து அடுத்த மேசைக்காரர் குழாயில் உறிஞ்சுவதைக் கவனித்து, “கன்னம் மட்டுந்தான் வேலை செய்யுது, நெஞ்சு சும்மா கெடக்கு” என்று முடிவு சொல்வார்.

இந்தப் பாடத்தை அவர் கற்றுக்கொண்டது துபாயில். அங்கே பத்து வருடம் இருந்தார். முதல் ஆறு வருடம் ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்கினார். மீதி நான்கு வருடம், மின் சிகரெட் விற்கும் கடையில். இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அங்கே கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருந்தார்களாம். புதிதாக வாங்க வருகிறவன் சிகரெட் போலச் சுருக்கென்று இழுத்துவிட்டு, கண்ணில் நீர் வர இருமி, வேண்டாம் என்று போய்விடுவான். அதனால் இழுக்கச் சொல்லித்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் வாயில் வாங்க வேண்டும், ஒரு நொடி அங்கே நிறுத்த வேண்டும், பிறகு பைய நெஞ்சுக்கு இறக்க வேண்டும். நேரே நெஞ்சுக்கு இழுப்பது நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும். இதை அசன் ஆறு மொழியில் சொல்வார். ஏழாவது மொழிக்காரர்களுக்குக் கையால் காட்டுவார்.

ஆனால் அவர் ஒருநாளும் புகைத்ததில்லை. அவருடைய உம்மா பீடி சுற்றியவர். மடியில் முறத்தை வைத்து உம்மா இலை நறுக்க, புகையிலைத் தூள் மூக்கில் ஏறிப் பள்ளிக்கூட நாட்களிலேயே தும்மித் தீர்த்துவிட்டார். துபாயிலும் காலிக் கருவியில்தான் இழுத்துக் காட்டினார். “புகை எங்கன்னு கேப்பான். எனக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்கேன்னு சொல்லுவேன். சிரிச்சிட்டு வாங்கிட்டுப் போயிருவான்.” காலி இன்ஹேலரைத் துண்டில் துடைத்தபடியே, “எத்தன பயலுவ நெஞ்சுக்குள்ள புகைய எறக்கி விட்டிருக்கேன்! அதான் இப்பம் மருந்தா எறக்குதேன்” என்றார்.

உள்ளேயிருந்து முஃபீதா, “பெரிய ஆலிம்சா, பள்ளிவாசல் பயான் பண்ணுதாவ. மச்சான், அந்தப் பெட்டிய எறக்கி வச்சிட்டுப் பேசுங்க” என்றார்.

இன்ஹேலரில் இரண்டு வகை. அமுக்கினால் பீய்ச்சும் பம்பு ஒன்று. கேப்சூலைப் போட்டுத் திருகி உறிஞ்சுவது இன்னொன்று. பம்புக்கு மெதுவாக இழுக்க வேண்டும், கேப்சூலுக்கு வேகமாக. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகவே செய்வார்கள். அசன் இதற்கு டாக்டர் பாஷை வைத்துக்கொள்வதில்லை. பம்பு என்றால், “பிச்சிப்பூவ மோந்து பாக்க மாதிரி.” கேப்சூல் என்றால், “நல்லி எலும்ப உறிஞ்சுத மாதிரி.” மேலப்பாளையத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் கோமதிசங்கர் வந்தபோதுதான் சிக்கல். நல்லி எலும்பு என்றதும் அவர் இன்ஹேலரைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் சைவம்வே.”

“சும்மா நெனச்சுக்கிட்டாப் போதும் சார்.”

“நெனைக்கவே கூடாதுவே. அதான் சைவம்.”

அசன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஆசிரியரைத் தெருவில் மடக்கி, “சாப்பிட்டு முடிக்கும்போது உள்ளங்கையில ரசம் வாங்கி ஒரு இழுப்பு இழுப்பியள்லா சார், அதே இழுப்பு” என்றார். அடுத்த வாரம் ஆசிரியரின் கேப்சூல் கடையே அதிர ஆடியது. அதன் பிறகு புதிதாக வருபவரை ஏற இறங்கப் பார்த்து, “எலும்பா, ரசமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பாடம் தொடங்குகிறார்.

சாத்தான்குளத்திலிருந்து வந்த அருமைநாயகம் ஒரு மாதமாகக் கேப்சூலை வெந்நீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். “வயித்துக்குப் போயி அங்கன இருந்து நெஞ்சுக்கு ஏறிராதா தம்பி?” என்று கேட்டார். “ஏறும் அண்ணாச்சி. சாத்தான்குளத்துல பஸ் ஏறி, திருச்செந்தூர் போயி, கடல்ல குளிச்சிட்டுத் திருநவேலி வாரமாதிரி” என்றார் அசன். அருமைநாயகம் சிரித்த சிரிப்பில் இளைப்பு வந்து, மருந்தை அங்கேயே சரியாக இழுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பேசுகிறவர் தடுமாறிப் போனது, சத்தம் இல்லாமல் இழுக்கக் கேட்டவர்களிடம்தான். கேப்சூல் கடகடத்தால்தான் மருந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தமோ பக்கத்து அறைக்குக் கேட்கும்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை மாலை சுகிர்தா வந்தாள். டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. டவுனில் எத்தனையோ மருந்துக்கடைகள் இருக்க, தெரிந்த முகம் எதிர்ப்படக் கூடாது என்றே பஸ் ஏறி இங்கே வந்தாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

“சத்தம் வராம இழுக்கச் சொல்லித் தாங்கண்ணே. எங்க வீட்டுல குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு இழுக்கேன். போற எடத்துல தெனமும் அப்படிச் செய்ய முடியுமா?”

“சத்தம் வராட்டா மருந்து போகாதும்மா. பேசாம அவுககிட்டச் சொல்லிரு.”

“சொன்னா நின்னுரும்ணே. முன்னால வந்த ஒரு எடம் இதனாலதான் போச்சு.”

அந்த வெள்ளிக்கிழமையே, பெருமாள்புரத்திலிருந்து நீலாம்பாள் என்ற அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். பதினொரு வருடமாக வீசிங். கணவருக்கே தெரியாமல் மறைத்து வந்திருக்கிறார். அவருடைய இழுப்பில் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. சத்தம் போட்டு உறிஞ்சுவது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. “வீட்டுக்கு மருமக வாரா தம்பி. வந்த அன்னைக்கே மாமியாக்காரி சீக்காளின்னு நெனச்சிரக் கூடாதுல்லா?” என்றவர், பெருமை தாங்காமல் செல்போனை எடுத்து நிச்சயதாம்பூலப் படத்தைக் காட்டினார்.

அசன் படத்தில் இருந்த, புதன்கிழமை கடைக்கு வந்த அதே முகத்தை வெகுநேரம் பார்த்தார். “அம்சமா இருக்காவ” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்.

“ரெண்டு பேர்ட்டயும் சொல்லிட்டா என்ன முஃபீதா? ஒரு வார்த்தைல முடிஞ்சிரும்.”

“கடைக்கு வாரவுக நோய நம்ம சொல்லக் கூடாது மச்சான். வாயத் தொறந்தியன்னா நாளைக்கே ஸ்டூலத் தூக்கி மச்சுல போட்டுருவேன்.”

ஸ்டூல் போய்விடும் என்றதும் அசன் அடங்கினார். ஒருத்திக்குப் புதன், ஒருத்திக்கு வெள்ளி என்று பிரித்து வைத்தார். தெருவே கேட்கப் பேசுகிறவர் அந்த வாரங்களில் உதட்டைக் கடித்துக்கொண்டு திரிந்ததை முஃபீதா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். பெயரைப் போட்டே எழுதலாம் என்று பெண்கள் இருவரும் பின்னால் சொன்னதால் எழுதுகிறேன்.

அசன் கணக்கில் கொள்ளாதது ஆடி மாதத்தை. ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்றால், பெருமாள்புரத்து வீட்டில் எல்லோரும் கூடவே கிளம்பிவிடுவார்கள். அதனால் நீலாம்பாள் ஒரு புதன்கிழமை மாலை வந்து நின்றார். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக நானும் அப்போது கடையில் இருந்தேன்.

“யம்மா, இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்களேன்” என்றார் அசன். “ஆட்டோவ நிறுத்தி வச்சிருக்கேன் தம்பி, ஒரே நிமிசம்” என்று நீலாம்பாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கேப்சூலைப் போட்டுத் திருகினார். மூச்சை வெளியே விட்டார். கண்ணை மூடி, கோயில் தீர்த்தம் குடிப்பதுபோல இழுத்தார். சத்தமே இல்லை.

“யம்மா, அது உள்ள தூங்குது. எழுப்புங்க.”

மறுபடியும் இழுத்து, வாயை மூடி, மூச்சை அடக்கினார். அசன் விரலை மடக்கத் தொடங்கினார். நீலாம்பாள் கண்ணைத் திறந்தபோது படியில் சுகிர்தா நின்றுகொண்டிருந்தாள்.

அசன் விரல் நான்கில் நின்றுவிட்டது. “என்னம்மா, தலைவலி மாத்திரையா? முஃபீதா, அந்தப் பிள்ளைக்குத் தலைவலி மாத்திரை ஒண்ணு குடு” என்று ஒரே மூச்சில் சொன்னார். முஃபீதாவும் உடனே மாத்திரையை மேசைமேல் வைத்தார். சுகிர்தா அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இதற்கிடையில், பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று படித்திருந்த நீலாம்பாள், எண்ணுவதற்கு ஆளில்லாமல் முகம் சிவந்துகொண்டிருந்தார்.

“பத்து! யம்மா, பத்து ஆச்சு!” என்று முஃபீதா கத்தினார்.

நீலாம்பாள் மூச்சை விட்டார். “எதுத்த வீட்டுக்காரிக்கும்மா… எப்படி இழுக்கணும்னு கேட்டுட்டு வரச் சொன்னா…” என்று தொடங்கியதும் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் எதிர்வீட்டுக்காரியுடையதாக இல்லை.

சுகிர்தா மேசையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். பிறகு தோள்பையைக் கீழே வைத்து, உள்ளே கையை விட்டு, தன்னுடைய இன்ஹேலரை எடுத்தாள்.

“அத்தை, கேப்சூல் ஆடவே இல்ல. மருந்து அப்படியே உள்ள இருக்கு. இப்படி இழுக்கணும்.”

அவள் கேப்சூலைப் போட்டுத் திருகி இழுத்தாள். கடகடவென்ற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியவள் அவள். அந்தப் பத்து எண்ணுவதற்குள் அவளுடைய கல்யாணம் எந்தப் பக்கமும் போகலாம். நீலாம்பாள் அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். தன் கையிலிருந்ததைப் பார்த்தார்.

“ஏளா, எத்தன வருசமா?”

“ஏழாங்கிளாஸ்ல இருந்து அத்தை.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, “நீங்க சொன்னியளா அத்தை?” என்றாள்.

நீலாம்பாளுக்கு முதலில் வந்தது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. இரண்டும் மாறி மாறி வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க மாமாவுக்கே இன்னும் தெரியாதுளா. இருமல் கேட்டுரக் கூடாதுன்னு குழாயத் தொறந்து விட்டுக்கிட்டுத்தான் இழுக்கேன்” என்றார்.

“நானும் அப்படித்தான் அத்தை.”

“ஆத்தாடி! ரெண்டு பேரும் தொறந்து விட்டா மாடித் தொட்டித் தண்ணி எத்தன நாளைக்குக் காணும்? இன்னைக்கே மாமாகிட்டச் சொல்லிருதேன். ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லுதேன்.” இன்ஹேலரை நீட்டி, “எங்க, இன்னொரு தடவ சொல்லு. எம்புட்டு வேகமா இழுக்கணும்?” என்றார்.

அசன் வாயைத் திறந்தார். சொல்வதற்கு அவரிடம் எல்லாம் தயாராக இருந்தது. திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார். மேசைக்குப் பின்னாலிருந்த தன் நாற்காலியைத் தூக்கிவந்து, தோளில் கிடந்த துண்டால் தட்டி, ஸ்டூலுக்குப் பக்கத்தில் சுகிர்தாவுக்குப் போட்டார். பிறகு படியிறங்கி, கடைக்கு முதுகைக் காட்டி, துண்டை இரண்டு கையாலும் வாசல் அகலத்துக்குத் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, மேற்கு வெயிலில் நின்றார்.